ஒரு மணி நேர ரயில் தூரத்தைத் தாண்டாத பறவை

கோயம்புத்தூரில் ரயில் ஏறினால் பாலக்காட்டுக்கு ஒரு மணி நேரம். வாளையாறு வரும்போது இரண்டு பக்கமும் தூரத்தில் மலை தெரியும், அவ்வளவுதான். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்துவிட்டோம் என்ற உணர்வே வராது. ஆனால் பள்ளிக்கூடப் புவியியலில் படித்த பாலக்காட்டுக் கணவாய் இதுதான். குஜராத்தின் தென்கோடியிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடரில் இத்தனை பெரிய இடைவெளி வேறெங்கும் இல்லை. அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர் வரும். ஆடி மாதத்தில் தென்மேற்குக் காற்று இந்த வாசல் வழியாகத்தான் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பாய்ந்து காற்றாலைகளைச் சுற்றவிடுகிறது.

கணவாய்க்கு வடக்கே நீலகிரி. தெற்கே ஆனைமலையும் பழனி மலையும். இரண்டு பக்கத்திலும் மலை உச்சியை ஒட்டிய சோலைக்காடுகளில், சிட்டுக்குருவி அளவுள்ள கருநீலப் பறவை ஒன்று தரையில் தத்தித் தத்திப் பூச்சி தேடும். வடக்கே இருப்பதற்கு விலாப்பக்கம் செம்பழுப்பு. தெற்கே இருப்பதற்கு வயிறு வெள்ளை. சிறகு இருக்கிறது, பறக்கத் தெரியும், நடுவில் இருப்பது ஒரு மணி நேர ரயில் தூரம். ஆனாலும் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக இந்தப் பக்கத்துப் பறவை அந்தப் பக்கம் போய்க் குடும்பம் நடத்தியதில்லை. அதன் மரபணு அப்படித்தான் சொல்கிறது.

ஏன் போகவில்லை? அதற்குக் கணவாய் ஒரு கடல். குளிரும் ஈரமும் இருட்டும் கலந்த காட்டில் வாழப் பழகிய உயிருக்கு, வெயில் அடிக்கும் சமவெளியும் உப்புத் தண்ணீரும் ஒன்றுதான். நாம் தொடர் என்று சொல்லும் மலை, உச்சியில் வாழ்பவற்றுக்குத் தொடரே இல்லை. ஒன்றையொன்று எட்டாத தீவுகளின் வரிசை. இப்படிப்பட்ட உச்சிகளை அறிவியலார் வானத் தீவுகள் என்கிறார்கள். தமிழில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தத் தீவுகளைப் பற்றிக் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த மலையை வெகுகாலமாக வேறு ஏதோ ஊரின் கண்ணாடி போட்டுக்கொண்டே பார்த்திருக்கிறோம். பறவைக்குப் பெயர் வைத்ததிலும் தவறு, விலங்கை வகைப்படுத்தியதிலும் தவறு, புல்லைப் புரிந்துகொண்டதிலும் தவறு. முதல் இரண்டும் தாளில் திருத்தக்கூடியவை. மூன்றாவது அப்படியல்ல.

தவறான உறவுமுறை

அந்தக் கருநீலப் பறவையிலிருந்தே தொடங்கலாம். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்துகொண்டே பறவைகளையும் ஆராய்ந்தவர் ஜெர்டன். நீலகிரிப் பறவையை முதலில் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். அதன் பிறகு அந்தப் பறவை மாறிய பேரினப் பெயர்கள், அதாவது நெருங்கிய இனங்களை ஒன்றுசேர்க்கும் கூட்டுப் பெயர்கள், ஒன்றிரண்டல்ல. வாடகை வீடு மாறுவதுபோல மாறிக்கொண்டே இருந்தது. நெடுங்காலம் இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள குட்டைச் சிறகுப் பறவைகளின் பேரினத்தில் வைத்திருந்தார்கள். பார்வைக்கு அப்படித்தான் இருந்தது: குட்டைச் சிறகு, நீண்ட கால், தரையோடு தரையான நடமாட்டம்.

வி. வி. ராபின், உமா இராமகிருஷ்ணன் என்ற உயிரியல் ஆய்வாளர்களின் குழு, மெல்லிய வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து, ஒரு சொட்டு இரத்தம் எடுத்துவிட்டுப் பறக்கவிட்டது. மலை மலையாக ஏறிப் பல ஆண்டுகள் செய்த வேலை. அந்த மரபணுக்களைப் படித்தபோது, இந்தப் பறவைகள் குட்டைச் சிறகுக் கூட்டத்தைச் சேர்ந்தவையே அல்ல என்று தெரிந்தது. ஈப்பிடிப்பான்களின் குடும்ப மரத்தில் தனியாக ஒரு கிளை. அந்தக் கிளை இந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 2017இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு ஷோலிகோலா என்று புதிய பேரினப் பெயர் வைத்தார்கள். சோலையில் குடியிருப்பது என்று பொருள். நீலகிரியில் ஒன்று, ஆனைமலை பழனி மலைகளில் ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் ஒன்று என மூன்று இனங்கள். மூன்றாவது, அதுவரை தனி இனம் என்றே யாருக்கும் தெரியாமல் இருந்தது. நாகர்கோவிலுக்கு மேலே உள்ள அசம்பு மலையின் பெயர்தான் அதற்கு.

ஆங்கிலப் பறவைப் பட்டியல்களிலும் இப்போது இதைச் சோலைக்கிளி என்றே எழுதுகிறார்கள். தமிழ் வாசகர் கொஞ்சம் குழம்பத்தான் செய்வார். நமக்குக் கிளி என்றால் பச்சையாக, மூக்கு வளைந்து, மீனாட்சியின் கையில் இருப்பது. மலையாளத்தில் சிறு பறவை எதையும் கிளி என்பார்கள். பெயர் அங்கிருந்து வந்தது.

அதே 2017 கட்டுரையில் இன்னொரு கூட்டத்துக்கும் விடுதலை கிடைத்தது. ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள்: வீட்டுத் தோட்டத்து வேலியிலிருந்து யாரோ கூட்டமாகச் சிரிப்பதுபோல ஒரு சத்தம். தமிழில் சிரிப்பான், மலையாளத்தில் சிலப்பன். இதையும் இமயமலைச் சிரிப்பான்களோடுதான் வைத்திருந்தார்கள். மரபணு பார்த்தால் இதுவும் தனிக் கிளை. மான்டெசிங்க்லா என்று பெயர் வைத்தார்கள். இதில் நான்கு இனங்கள். வயநாட்டின் பாணாசுரமலைப் பக்கம் ஒன்று, நீலகிரியில் ஒன்று, பழனி ஆனைமலைப் பக்கம் ஒன்று, அசம்புவில் ஒன்று. தீவுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்ததுபோல. டார்வினின் குருவிகளைப் பற்றிப் படிக்கக் கலாபகோஸ் வரை மனத்தால் போய்வந்தவர்கள் நாம். அதே மாதிரியான கதை கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

வரையாட்டின் கதை இதைவிடச் சுவையானது. ஆங்கிலேயர்கள் இதை இமயமலைத் தார் ஆட்டுக்கு உறவு என்று நினைத்தார்கள். அரேபியாவில் ஒன்று, இமயத்தில் ஒன்று, நீலகிரியில் ஒன்று: மூன்றும் ஒரே பேரினம் என்றுதான் நூல்களில் இருந்தது. 2005இல் ஆன் ரோப்பிக்கே, அலெக்சாண்டர் ஹசானின் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் மூன்றின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். இமயத் தார் வெள்ளாட்டுப் பக்கம் போனது. வரையாடு செம்மறியாட்டுப் பக்கம் வந்தது. அரேபியத் தார் இரண்டு பக்கமும் சேராமல் வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டுக்கு நெருங்கி நின்றது. ஆகவே நம்முடையதற்கு நீலகிரிட்ராகஸ் என்று தனிப் பேரினம் பிறந்தது. ட்ராகஸ் என்றால் கிரேக்கத்தில் வெள்ளாட்டுக் கிடா. செம்மறிக்கு நெருங்கியது என்று நிரூபித்துவிட்டு வெள்ளாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்! தமிழில் இந்தச் சிக்கலே இல்லை. வரை என்றால் மலை. ஆடு என்றால் செம்மறியும் ஆடு, வெள்ளாடும் ஆடு. மரபணு ஆய்வு எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் நம் பெயர் தப்பித்திருக்கும்.

பள்ளம் எவ்வளவு ஆழமோ

பெயர் மாற்றத்தை விட்டுவிட்டு அது எப்படி நடந்தது என்று பார்ப்போம். புதிய இனம் உருவாக மிக எளிய வழி, ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து, நெடுங்காலம் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பது. பிரிந்த இரண்டிலும் சின்னச் சின்ன மாற்றங்கள் தனித்தனியே சேரும். போதுமான காலம் போனால் மறுபடி சந்தித்தாலும் ஒட்டாது.

கேள்வி என்னவென்றால், எந்தப் பள்ளம் யாரைப் பிரிக்கும்? 2015இல் ராபின் குழு 23 மலைப் பறவை இனங்களை எடுத்துக்கொண்டு இதையே சோதித்தது. பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும் மரபணு பிரிந்திருந்தவை 23இல் 10. மற்றவை எப்படியோ சமாளித்திருக்கின்றன, அல்லது பிரிந்து அதிக காலம் ஆகவில்லை. செங்கோட்டைக் கணவாய் குறுகியது, ஏழெட்டு கிலோமீட்டர்தான். அது பிரித்தவை இன்னும் குறைவு. அப்படிப் பிரிந்தவை, பெரிய கணவாயிலும் பிரிந்திருந்தவைதான். சின்ன ஓடையில் தடுக்கி விழுபவன் ஆற்றைத் தாண்டமாட்டான் என்பதுபோல, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய ஒழுங்கு. கேட்டால் இதிலென்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றும். ஆனால் நிலத்தின் வடிவம் மட்டும் போதாது, உயிரின் குணமும் சேர்ந்துதான் தீவைத் தீவாக்குகிறது என்பதை ஒரே மலையில் 23 இனங்களை வைத்து அளந்து காட்டுவது லேசான வேலை இல்லை.

குணம் என்றதும், பெரிய உடம்புக்காரர்கள் தப்பித்துவிடுவார்கள் என்று நினைக்கலாம். யானை ஒரே இரவில் எவ்வளவு தூரம் நடக்கும்! ஆனால் டி. என். சி. வித்யா, ஆர். சுகுமார் முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், நீலகிரி யானைகளும் கணவாய்க்குத் தெற்கே உள்ள ஆனைமலை, பெரியாறு யானைகளும் மரபணுவில் வேறுபட்டிருந்தன. யானைக் கூட்டம் தாய் வழியில் போகும். பாட்டி காட்டிய பாதையைப் பேத்தி பிடித்துக்கொள்ளும். அந்தப் பாதைகளில் ஒன்றும் பாலக்காட்டு வெளியைக் குறுக்கே வெட்டவில்லை போலிருக்கிறது.

இந்தத் தீவுகளின் கரை எப்போதும் ஒரே இடத்தில் இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். பூமி குளிர்ந்த காலங்களில் பருவமழை பலவீனமாகும், சோலைகள் ஒடுங்கும். சூடாகி மழை வலுத்தால் விரியும். ஒடுங்கி விரிந்து ஒடுங்கி விரிந்து, இந்தக் காடு மூச்சு விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் சில கூட்டங்கள் துண்டாகின, சில மறுபடி சேர்ந்தன. மரத்தில் வாழும் குட்டித் தவளைகளில் மட்டும் ஒரே பேரினத்தில் அறுபதுக்கு மேற்பட்ட இனங்கள் இந்த மலையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையாகவே வெளியே வரும். குளம் குட்டை தேவையில்லாததால், ஈரமான இலைகள் இருக்கும் ஒரு சிறு காடு போதும், அங்கேயே பரம்பரை ஓடிவிடும். வெளியே போகவேண்டிய அவசியமே இல்லாதவர்கள்தான் சீக்கிரம் தனி இனமாகிறார்கள்.

புல் என்றால் காடு அழிந்த இடமா?

இதுவரை சோலையைப் பற்றியே பேசினேன். ஆனால் நீலகிரியின் மேல்மலையிலோ மூணாறு பக்கத்து இரவிக்குளத்திலோ நின்று பார்த்தால் கண்ணில் முதலில் படுவது சோலை அல்ல, புல். அலையலையாகப் புல்வெளி, மடிப்புகளிலும் ஓடைகளிலும் மட்டும் கரும்பச்சைத் திட்டாகச் சோலை. கத்தியால் வெட்டியதுபோல எல்லை. மரம் ஏன் புல்வெளிக்குள் கால் வைப்பதில்லை?

ஐரோப்பியர்கள் இதைப் பார்த்ததும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு காலத்தில் எல்லாமே காடாக இருந்திருக்கும். தோடர்கள் தீ வைத்து, எருமை மேய்த்துப் புல்லாக்கிவிட்டார்கள். ஆகவே இது பாழ்பட்ட நிலம், மரம் நட்டால் நல்லது. இந்த எண்ணம் ஆங்கிலேயரோடு கப்பலேறிப் போகவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகுதான் நடவு உச்சத்துக்குப் போனது. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியச் சீகை மரம். கொடைக்கானல்காரர்கள் அதையே சவுக்கு என்பார்கள். சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ் வேண்டும் என்று கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸ். அப்புறம் பைன். வருவாய்க் கணக்கில் புல் என்றால் தரிசு. தரிசில் மரம் நட்டால் யார்தான் குறை சொல்வார்கள்?

பதில் ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவின் சதுப்பில் புதைந்து கிடந்தது. அங்கே செத்த தாவரங்கள் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கருஞ்சேறாகப் படிந்திருக்கின்றன. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் விதம் வேறு. அதனால் கார்பன் 13 என்ற கனமான வகை புல்லில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். சேற்றை அடுக்கடுக்காக எடுத்து அந்த விகிதத்தை அளந்தால், எந்தக் காலத்தில் புல் ஓங்கியிருந்தது, எந்தக் காலத்தில் மரம் ஓங்கியிருந்தது என்று படித்துவிடலாம். 1993இல் சுகுமாரும் கூட்டாளிகளும் நேச்சர் இதழில் இதை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், இங்கே குளிரும் வறட்சியுமாக இருந்திருக்கிறது, புல்தான் ராஜா. பிறகு மழை வலுத்தபோது மரவகைகள் கூடின. மறுபடி வறண்டபோது புல் திரும்பியது. தீ வைக்கத் தோடரும் இல்லை, மேய்க்க எருமையும் இல்லாத காலத்திலேயே புல் இருந்திருக்கிறது. வரையாட்டையும், நெட்டைக்காலி என்னும் புல்வெளிப் பறவையையும், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியையும் பார்த்தாலே இது தெரிந்திருக்க வேண்டும். நேற்று உண்டான புல்வெளிக்கு இத்தனை பழைய குடிமக்கள் எங்கிருந்து வருவார்கள்?

சரி, புல் பழையது. ஆனால் இப்போது மழை நன்றாகத்தானே பெய்கிறது, சோலை மரம் ஏன் வெளியே வரவில்லை? அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது: உறைபனி. மார்கழி, தை இரவுகளில் திறந்த புல்வெளியின் தரை சோலையின் தரையைவிட மிகவும் குளிர்ந்துபோகும். அங்கே நட்ட சோலை மரக் கன்றுகள் குளிர்காலத்தோடு கருகின. மரக்கூரையின் அடியில் இருப்பவை பிழைத்தன. ஆக, சோலை தன் நிழலுக்குள் மட்டுமே பிள்ளை பெறும். புல்லைக் காவல் காத்தது பனி.

ஒவ்வோர் ஆண்டும் தலைகுந்தாவிலோ காந்தலிலோ புல் வெள்ளையாகக் கிடக்கும் படத்தைப் போட்டு, "மினி காஷ்மீரான ஊட்டி" என்று நாளிதழ்கள் தலைப்பு வைக்கும். பாருங்கள், அங்கேயும் இமயம்தான். அந்த வெள்ளைதான் இந்த மலையின் சொந்த வேலிக்காரன் என்று ஒரு வரி சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அதே சோதனையில் சீகைக் கன்றுகள் பனியைப் பெரும்பாலும் தாங்கிவிட்டன. பூமி சூடாகிப் பனி இரவுகள் குறைந்தால் அவற்றுக்கு இன்னும் வசதி. இந்த மரத்தின் வேர் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும்; விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும்; தீப்பிடித்தால் சாகாமல் ஆயிரக்கணக்கில் முளைக்கும். புதிதாக நடுவது எப்போதோ நின்றுவிட்டது. பரவுவது நிற்கவில்லை.

பழனி மலையில் எவ்வளவு போனது என்பதை அரசுமணியும் கூட்டாளிகளும் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டு 2018இல் வெளியிட்டார்கள். 1973 முதல் 2014 வரையிலான நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குப் புல்வெளி காணாமல் போயிருக்கிறது. மரத் தோட்டமும் விவசாயமும் எடுத்துக்கொண்டன. இருபதாயிரம் ஆண்டு மழையும் பனியும் மாறி மாறி அசைத்துப் பார்த்து நிலைத்து நின்ற ஒன்று, ஒரு மனிதனின் பணிக்காலத்துக்குள் முடிந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் பச்சை குறையவில்லை, கூடியிருக்கிறது. அதனால்தான் யாரும் பதறவில்லை.

வரையாட்டுக்கு மட்டும் கொஞ்சம் நல்ல செய்தி உண்டு. தமிழக அரசு 2022இல் அதற்கென்று தனித் திட்டம் அறிவித்தது. 2024இல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1031, 2025 கணக்கில் 1303. இந்த வித்தியாசம் முழுவதையும் பெருக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; எண்ணுவதும் ஆண்டுக்கு ஆண்டு பழகித்தான் வரும். நெட்டைக்காலியைத் தேடி எந்தக் கூட்டமும் மலையேறுவதில்லை. ஏறத்தாழ 2000 மீட்டருக்கு மேலே, மரம் இல்லாத புல்லில்தான் அது நன்றாக வாழும். இந்தத் தொடரின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2695 மீட்டர்தான். சூடு ஏற ஏற அது மேலே நகர்ந்துகொண்டே போக இடம் மீதியில்லை.

சோலைக்கிளி விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். கணவாய் பிரித்தது பழைய கதை. ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் நடுவிலும், அந்த மலைகளுக்குள்ளேயும் நாம் அண்மையில் வெட்டிய காடுகளும் சின்னச் சின்னக் கணவாய்கள்தானே? ராபின் குழு இதையும் சோதித்தது. சோலைக்கிளியிலும் சிரிப்பானிலும் மனிதர் உண்டாக்கிய துண்டாடலின் தடம் மரபணுவில் தெரியத் தொடங்கியிருப்பதாக 2015இல் எழுதினார்கள். 2016இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் வியப்பானது: பழைய பள்ளத்தாக்கால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு ஒரு விதத்தில் மாறியிருக்கிறது, காடழிப்பால் பிரிந்த கூட்டங்களின் பாட்டு வேறு விதத்தில் மாறியிருக்கிறது. பாட்டைப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் குஞ்சு கற்கும். கேட்கும் தூரத்தில் ஆளில்லாவிட்டால் பாட்டு திசை மாறும்.

அப்படியானால் நாமும் புதிய இனங்களை உருவாக்குகிறோம் என்று பெருமைப்படலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாயின் இரு பக்கமும் முழு மலைகள் இருந்தன, ஆயிரக்கணக்கில் பறவைகள் இருந்தன, காலமும் கொட்டிக் கிடந்தது. தேயிலைக்கும் சீகைக்கும் நடுவே மிஞ்சிய நாலு ஏக்கர் சோலையில் இருபது பறவை இருந்தால் அது தனி இனமாவதற்கு முன் உறவுக்குள்ளேயே பெருகி நலிந்துபோகும்.

சீகையை வெட்டிவிட்டால் தீர்ந்ததா? அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது, நல்லதுதான். ஆனால் பழனி மலையில் பல பழைய தோப்புகளின் நிழலில் இப்போது சோலை மரக் கன்றுகள் முளைத்து வளர்கின்றன. பனி படாத கூரை அவற்றுக்குக் கிடைத்துவிட்டது. அந்தத் தோப்பை மொத்தமாக வெட்டினால் கன்றும் போகும், வெயில் பட்டதும் மண்ணில் உறங்கும் சீகை விதை அத்தனையும் எழுந்து நிற்கும். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் புல்லாகவே மிஞ்சியிருக்கும் சரிவுகளின் ஓரத்தில்தான் வேலை முதலில் தொடங்க வேண்டும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது ஒரு வயதுச் சீகைக் கன்று கையால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும். மூன்று வயதானால் கோடரி வேண்டும். கோடரியால் வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்க்கும். பிடுங்கிய இடத்திலும் மண்ணுக்குள் விதை கிடக்கும் என்பதால், அடுத்த ஆண்டும் அதே சரிவுக்கு வந்து குனிய வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டும்.